முப்பத்திரண்டு வீட்டுப் பொங்கல்

எங்கள் காப்பகத்தின் தீவனப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள் உண்டு. நாள், மாடு, என்ன சாப்பிட்டது, கொடுத்தது யார். இந்த ஆண்டு புதிதாக வந்த கல்லூரி மாணவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்கள். முதல் பக்கத்து முதல் வரியில், "சர்க்கரைப் பொங்கல், முப்பத்திரண்டு வீடு. கொடுத்தது: வசந்தா" என்று இருக்கிறதே, அந்த வசந்தா நீங்கள்தானா, ஒரே ஆள் எப்படி முப்பத்திரண்டு வீட்டுப் பொங்கலைக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், அதுவும் என் மேலேயே வரும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதோ எழுதுகிறேன்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவள். பதவியின் பெயர் அப்படி இருந்தாலும் ஊருக்குள் நான் "மாட்டாஸ்பத்திரி அம்மா"தான். பதினோரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். முடித்து வரும்போது மாட்டு வயிற்றின் நான்கு அறைகளின் பெயரும் எனக்கு மனப்பாடம். மாட்டைத்தான் தெரியாது. அதைக் கற்றுக்கொண்டது பூதலூர்ப் பக்கம் என் முதல் வேலையிடத்தில், டாக்டர் சதாசிவத்திடம்.

டாக்டரின் பழக்கங்கள் எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல் மூட்டின. மாடு சாகக் கிடக்கிறது என்று அழைத்துப் போவார்கள். நான் பையைத் திறந்துகொண்டு ஓடுவேன். அவர் கொட்டகைக்கு வெளியே, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மாடு எப்படி மூச்சு விடுகிறது, காது எந்தப் பக்கம் தொங்குகிறது, தொட்டியில் என்ன மிச்சம் இருக்கிறது, எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துவிடுவார். அப்புறம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். அது போட்டாகிவிட்டதென்றால் வைத்தியம் ஆரம்பம் என்று அர்த்தம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன சாப்பிட்டுச்சு?"

எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் இதற்கு ஒரே பதில்தான் வரும். "வழக்கமானதுதாங்க சார்."

"வழக்கம்னு ஒரு தீவனத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க. பேரைச் சொல்லுங்க."

இதைச் சிரிக்காமல் சொல்வார், குரலையும் உயர்த்த மாட்டார். அவர்களும் யோசித்து வைக்கோல், தவிடு, கழுநீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். சொல்லி முடிக்கும் வரை பேசாமல் நிற்பார். அதன் பிறகுதான் மாட்டின் இடப்பக்கம் போவார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். அங்கே கையை மடக்கி அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல மாட்டுக்கு உள்ளே இருக்கும் பெரிய வயிறு இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை உருண்டு வந்து கையை முட்டித் தள்ளும். எத்தனை தடவை முட்டியது என்று எண்ணிச் சொல்வார். வீட்டுக்காரர்கள் டீ கொண்டுவந்தால், மாடு எழுந்திருக்கட்டும், குடிக்கலாம் என்பார். நான் மட்டும் குடித்துவிடுவேன்.

அவரிடம் சேர்ந்த முதல் தை மாதத்திலேயே நான் ஒரு மாட்டைக் கொன்றேன். கொன்றேன் என்று நான்தான் சொல்கிறேன், டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

சம்பா அறுவடை நேரம். களத்தில் நெல் குவிந்து கிடந்த நாட்கள். பாக்கியம் என்று ஒரு அம்மா. பண்ணை வேலைக்குப் போகிற வீடு, அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு கறவை மாடு. அது வயிறு உப்பிப் படுத்திருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வைக்கல்தாங்க. வேற ஒண்ணுமில்லைங்க," என்றார் பாக்கியம்.

அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இருபத்து மூன்று வயது, பொய் என்று தெரிந்தால் சும்மா இருக்க முடியாத வயது. "பொய் சொல்லாதம்மா! மாடு செத்துப்போச்சுன்னா நீதான் பொறுப்பு. ஒழுங்கா உண்மையைச் சொல்லு!" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. டாக்டர் என்னை நிறுத்தக் கையைத் தூக்கினார், ஆனால் நான் கத்தி முடித்துவிட்டேன். பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. வேறு வழி இல்லாமல் சாதாரண உப்புசத்துக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் போனபோது சாணியில் முழு முழு நெல்மணிகள் கிடந்தன. மாடு கண் உள்ளே போய்க் கழுத்தைத் திருப்பிப் படுத்திருந்தது. நாங்கள் நிற்கும்போதே உயிர் போயிற்று. அதன் பிறகுதான் பாக்கியம் சொன்னார்: "கயித்தை அத்துக்கிட்டுப் பண்ணை வீட்டுக் களத்துல பூந்து நெல்லைத் தின்னுடுச்சுங்க. சொன்னா, நானே ஓட்டிவிட்டு மேய்ச்சேன்னு சொல்லுவாங்க. நெல்லு திருடின்னு பேராயிடும்ல."

பஸ் நிறுத்தத்துக்கு வாய்க்கால் கரையோடு நடந்து வந்தோம். நான் அழுதுகொண்டே வந்தேன். டாக்டர் சொன்னார்: "நேத்து நீங்க கேட்டது கேள்வி இல்லைங்க வசந்தாம்மா. குத்தப்பத்திரிகை வாசிச்சீங்க. அதைக் கேட்ட பிறகு யாரு வாயைத் திறப்பாங்க?"

அதிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ கொட்டகையில் என் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கோபம் போகவில்லை. வரும்போது வாயை மூடிக்கொள்ள மட்டும் பழகினேன்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. பூதலூருக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு நெல் ஆலையின் களத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து காப்பகம் ஆரம்பித்திருந்தார்கள். உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின் என்று ஆனபின் காளைக்கன்று யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. பால் வற்றிய பசுவும் அப்படித்தான். அவிழ்த்துவிட்டால் ரோட்டில் திரிந்து லாரியில் அடிபடும். அவற்றைக் கொண்டுவந்து கட்டும் இடம் இது. தலைவர் சாமிநாதன் ஐயா, வாழைத்தோட்டக்காரர். நல்ல மனிதர், ஆனால் குரல் மட்டும் பக்கத்து ஊர் வரை கேட்கும். முழுநேர வேலைக்கு அஞ்சலை. மருந்துக்கும் மற்றதற்கும் நான்.

மூன்று பேரால் பத்தொன்பது மாட்டைக் கவனிக்க முடியாது. ஒரு கலைக் கல்லூரியில் போய்ப் பேசினேன். நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார்கள். தலைவருக்கு இதில் இஷ்டமே இல்லை. "புள்ளைங்களுக்கு நீங்கதாம்மா பொறுப்பு," என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

முதல் மாதம் அவர்கள் செய்த வேலையைவிட எடுத்த போட்டோ அதிகம். "மாட்டைப் பாருங்க, போனைப் பாக்காதீங்க," என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. ஆனால் வேலையும் செய்தார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். உண்ணி பொறுக்கினார்கள். ரோட்டில் திரியும் மாடுகளின் கொம்பில் இருட்டில் மின்னும் பட்டையைச் சுற்றி ஒட்டினார்கள். பாதிப் பேருக்கு மேல் வீட்டில் மாடு வளர்த்தவர்கள்தான். அப்பா வயல்வேலை பார்க்கிறவர், அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறவர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தலைமை தேன்மொழி. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண், கணக்குப் படித்தாள். நான் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் விட்டதில்லை. அவளிடம் எனக்கு அடிக்கடி கோபம் வரும், அவள் வராத சனிக்கிழமை எனக்கு வேலையே ஓடாது.

மாணவர்கள் எல்லாருக்கும் செல்லம் கறுப்பி. நெற்றியில் பொட்டு அளவுக்கு வெள்ளை, மற்றபடி மை மாதிரி கறுப்பு. யார் கூப்பிட்டாலும் வரும், கழுத்தைக் கட்டிக்கொண்டால் அசையாமல் நிற்கும். போட்டோவுக்கு அதைவிட நல்ல மாடு கிடையாது.

அந்த வருடம் போகிக்கு முதல் நாள் தேன்மொழி கேட்டாள்: "மேடம், மாட்டுப் பொங்கலன்னைக்கு எல்லா வீட்டுலயும் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுவாங்க. இதுங்களுக்கு வீடே இல்லை. யாரு ஊட்டுவா?"

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. "கொண்டு வாம்மா. ஆளுக்கு ஒரு வாய் குடு, தப்பில்ல," என்றேன்.

நான் சொன்னது அவளை மட்டும் நினைத்து. ஒரு தூக்குவாளிப் பொங்கல், பத்தொன்பது மாடு, ஒரு வாய். அவள் கேட்டது அவர்கள் எல்லாருக்கும். அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: மேடம் சரின்னுட்டாங்க, எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பொங்கல் கொண்டு வாங்க. அந்தக் குழுவில் நான் இருந்திருந்தால் பார்த்திருப்பேன். தினமும் காலை வணக்கப் படம் முப்பது வருகிறது என்று எரிச்சல்பட்டு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் அதிலிருந்து வெளியே வந்திருந்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று மதியம் அஞ்சலை தன் வீட்டு மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். நான் மகள் வீட்டில் இருந்தேன். மாணவர்கள் வந்தார்கள். முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு தூக்குவாளி. எல்லாம் வெல்லம் போட்ட சர்க்கரைப் பொங்கல். ஒரு வீட்டு மாட்டுக்கு அந்த வீட்டுப் பொங்கலில் ஒரு கவளம் என்பது நம் ஊர் வழக்கம், அதனால் எந்த மாடும் செத்ததில்லை. அந்த அளவு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் அந்த அளவுதான் கொடுத்தார்கள். இன்னொருவரும் அதே மாட்டுக்குக் கொடுக்கிறார் என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அரிசிச் சோறும் வெல்லமும் மாட்டுக்கு அதிகமாகப் போனால் வயிறு முழுக்கப் புளித்துப்போகும். அந்தப் புளிப்பு ரத்தத்தில் ஏறும். வெளியே தெரிய அரை நாளாவது ஆகும்.

காணும் பொங்கல் அன்று காலை ஆறரைக்கு அஞ்சலை போன் செய்தாள். "அக்கா, கெழ வெள்ளை எந்திரிக்கலக்கா. கறுப்பியும் படுத்தே கெடக்கு. சீக்கிரம் வாங்கக்கா."

நான் போய்ச் சேர்வதற்குள் கிழட்டு வெள்ளைக்காளை செத்துவிட்டது. தலைவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கல்லணைக்குப் போகக் கிளம்பிய மாணவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர், போகிற வழியில் களத்தைக் கூட்டிவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருந்தார்கள். புதுச் சட்டையும் புதுத் தாவணியுமாகச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நேத்து என்னத்தடா போட்டீங்க? மருந்தடிச்ச வைக்கோலா? சொல்றீங்களா, போலீஸுக்குப் போன் போடட்டுமா?" தலைவர் கத்திய கத்தலில் புறா எல்லாம் பறந்தது.

"ஒண்ணும் போடலைங்கய்யா," என்றான் ஒரு பையன். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தேன்மொழி தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் படைத்த வாழையிலைகளையும் மாடுகள் தின்றுவிட்டிருந்ததால் தரையில் ஒரு அடையாளமும் இல்லை.

அரசு மருத்துவர் பொங்கலுக்குச் சொந்த ஊர் போயிருந்தார். டாக்டர் சதாசிவம் ஓய்வுக்குப் பிறகு தஞ்சாவூரில்தான் இருக்கிறார், அவருக்குப் போன் போட்டேன். கறுப்பி எப்படிப் படுத்திருக்கிறது என்று சொன்னேன். கண் குழிவிழுந்தது, அசைபோடவில்லை, பல்லைக் கடிக்கிறது.

"என்ன சாப்பிட்டுச்சு?"

"வழக்கமானதுதான் சார்."

சொன்ன உடனே எனக்கு உடம்பு சுருங்கிவிட்டது. அவர் தன் பழைய வாசகத்தைச் சொல்லவில்லை. "நேத்து என்ன நாள் வசந்தாம்மா?" என்றார்.

கறுப்பியின் பின்னால் குனிந்து சாணியைத் தொட்டு முகர்ந்தேன். புளித்த மாவு வாடை. விரல் நடுவே வெந்த அரிசி. நிமிர்ந்தபோது தேன்மொழியின் முகத்தைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற பாக்கியத்தின் முகம் அதுதான். அன்றைக்குக் கத்தினது நான், இன்றைக்குக் கத்துகிறது தலைவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையைச் சொன்னால் மாணவர்களை இனி உள்ளேயே விட மாட்டார்கள், என்னையும் சேர்த்து அனுப்பினாலும் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் கறுப்பி சாகும். எழுதி முடிக்க இவ்வளவு நேரமாகிறது, அப்போது யோசிக்க அரை நிமிடம் ஆகவில்லை. போனை அணைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு தலைவரிடம் போனேன்.

"ஐயா, அவங்களைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. பொங்கல் கொண்டாரச் சொன்னது நான். எத்தனை பேரு கொண்டாருவாங்கன்னு கேக்காம விட்டதும் நான். வெள்ளை செத்தது என்னாலதான். போலீஸுக்குப் போறதுன்னா சாயங்காலம் போகலாம், நானே கூட வர்றேன். இப்ப இந்தப் புள்ளைங்க எனக்கு வேணும்."

பின்னாலிருந்து தேன்மொழியின் குரல் வந்தது.

"முப்பத்திரண்டு பேரு மேடம்."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மடை திறந்துகொண்டது. நான் இவ்வளவு, நான் அவ்வளவு என்று எல்லாரும் சொன்னார்கள். "மீந்துபோனதை எல்லாம் தொட்டியில கொட்டினேன் மேடம். வெள்ளை அங்கதான் நின்னுச்சு," என்று சொல்லிவிட்டு முதலில் மறுத்த அந்தப் பையன் உட்கார்ந்து அழுதான். அழுவதற்கு இப்போது நேரமில்லை, எழுந்திரு என்றேன். அதைக் கத்தாமல் சொன்னேன் என்பதை இங்கே பெருமையாகவே எழுதிக்கொள்கிறேன்.

போனில் டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த மாடு எவ்வளவு தின்னுச்சுன்னு தெரியணும். நிக்கிற மாடெல்லாம் நல்ல மாடுன்னு நினைச்சுடாதீங்க. நான் கிளம்பிட்டேன்," என்றார்.

அது யாருக்கும் தெரியாது. அவரவர் ஊட்டிய மாட்டைப் பற்றி மட்டும்தான் அவரவருக்கு ஞாபகம், அதுவும் பாதி. தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "மேடம், நேத்து எல்லாரும் போட்டோ எடுத்தோம்."

நான் எந்தப் போனைக் கண்டு எரிந்து விழுந்தேனோ அந்தப் போன். வந்திருந்தவர்கள் தங்கள் படங்களைத் திறந்தார்கள். வராதவர்கள் வீட்டிலிருந்து அனுப்பினார்கள். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் தேன்மொழி சாக்பீஸால் பத்தொன்பது மாட்டின் பெயரையும் எழுதினாள். ஒரு படத்தில் ஒரு கை ஒரு மாட்டு வாயருகே இருந்தால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். கறுப்பிக்கு இருபத்தேழு கோடு. எல்லாரும் அதோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார்கள், வெறும் கையோடு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பியும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாங்கள் எதிர்பார்க்காதது செவலைக் கிடாரி. கொட்டகை மூலையில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது, அதற்குப் பதினான்கு கோடு. ஓடிப்போய் இடப்பக்கக் குழியில் கை வைத்தேன். இரண்டு நிமிடம் எண்ணினேன், ஒரு தடவைகூட முட்டவில்லை. மதியத்துக்குள் அதுவும் விழுந்திருக்கும், நான் அதன் பக்கமே போயிருக்க மாட்டேன்.

தின்ற சோறு உள்ளே ஊறி இன்னும் புளிக்கக் கூடாது என்று தண்ணீர் வாளிகளை எல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னேன். அடுத்தது புளிப்பை முறிக்க ஆப்பசோடா வேண்டும், கிலோக்கணக்கில். காணும் பொங்கலன்று எந்தக் கடை திறந்திருக்கும்? மாணவர்கள் தெருத்தெருவாகப் பிரிந்து வீடுவீடாகக் கேட்டார்கள். ஸ்பூன் அளவு, பொட்டல அளவு என்று சேர்ந்தது. ஸ்டேஷன் பக்கத்து பஜ்ஜிக் கடைக்காரர் பூட்டைத் திறந்து முழு டப்பாவையும் கொடுத்தாராம்.

டாக்டர் வந்து இறங்கினார். கைத்தடி ஊன்றியிருந்தார். வழக்கம்போலக் கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

"கை நடுங்குதும்மா. குழாயை நீங்கதான் விடணும்," என்றார்.

ரப்பர் குழாயைக் கறுப்பியின் வாயிலிருந்து கடைசி விலா வரை வெளியே வைத்து அளந்து, அந்த இடத்தில் நூல் கட்டினேன். கடிக்காமலிருக்க நடுவில் ஓட்டை போட்ட மரக்கட்டையை வாயில் குறுக்கே கொடுத்து, அந்த ஓட்டை வழியே குழாயை மெதுவாகத் தள்ளினேன். மூச்சுக்குழலில் போய்விட்டால் அதோடு கதை முடிந்தது. நூல் வாயருகே வந்ததும் வெளி நுனியை மூக்கருகே பிடித்தேன். மூச்சுக்காற்று வரவில்லை, புளித்த வாடைதான் குப்பென்று வந்தது. "சரியான இடம்," என்றார் டாக்டர். வெதுவெதுப்பான தண்ணீரைப் புனல் வழியே ஊற்றுவது, புனலைக் கீழே இறக்கி உள்ளே இருப்பதை வெளியே வடிப்பது, மறுபடி ஊற்றுவது. சோறும் வெல்லத் தண்ணீரும் வாளி வாளியாக வந்தன. ஒன்பது தடவைக்கு அப்புறம் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. அதன் பிறகு சோடாவைக் கரைத்து உள்ளே விட்டோம். அடுத்து கிடாரிக்கு, பிறகு கோடு அதிகமாக இருந்த இன்னும் மூன்று மாட்டுக்கு. மற்ற மாடுகளை மாணவர்கள் முறை வைத்துக் களத்தைச் சுற்றி நடத்தினார்கள். புதுத் துணியெல்லாம் சாணி.

புனலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? தலைவர்தான். உயரமான ஆள் அவர் ஒருவர்தான் என்று டாக்டர் அவர் கையில் கொடுத்துவிட்டார். மூன்று மணி நேரம் புனலை ஏற்றுவதும் இறக்குவதுமாக நின்றார். வாயை மட்டும் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அதே குழாயால் அஞ்சலை வீட்டு நல்ல மாட்டின் வயிற்றிலிருந்து ஒரு செம்பு நீரை எடுத்துக் கறுப்பிக்குள் விட்டோம். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் அது, செத்துப்போன வயிற்றுக்கு உயிருள்ள வயிற்றிலிருந்து கொடுப்பது. பத்து மணி வாக்கில் தேன்மொழி கறுப்பியின் குழியில் கையை மடக்கி வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை எடுத்துவிட்டுக் கத்தினாள். "மேடம், தள்ளுது மேடம்!" நான் போய் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு தடவை, சோம்பேறித்தனமாக ஒரு முட்டு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் நாள் கறுப்பி அசைபோட்டது. வெள்ளையைத் தவிர எல்லா மாடும் பிழைத்தன.

அன்று மாலை தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். "புள்ளைங்க நல்ல புள்ளைங்கதாம்மா. ஆனா இனிமே வேணாம். நமக்குத் தாங்காது."

"அப்ப நானும் வரலைங்கய்யா," என்றேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. பையைக்கூட எடுத்துவிட்டேன். "தப்பு பண்ணினவங்களை எல்லாம் அனுப்பிட்டா, அடுத்த தடவை பண்றவங்க சொல்ல மாட்டாங்க. வெள்ளை மாதிரி இன்னொண்ணு போகும். அவங்க இருந்தா நான் இருக்கேன்."

அவர் வாசல் கேட் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கடைசியில், "சரி, ஏதாவது ஒரு முறை வைங்கம்மா," என்றார்.

நான் வைத்த முறைதான் அந்தப் பதிவேடு. யார் எதைக் கொடுத்தாலும் ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதற்காக யாரும் யாரையும் திட்டக் கூடாது. இதைத் தலைவர் முன்னால் எல்லாரையும் வைத்துச் சொன்னேன். முதல் வரியில் தன் பெயரைப் போடுவேன் என்று தேன்மொழி பேனாவைப் பிடுங்கினாள். அனுமதி கொடுத்தவள் நான், அந்த வரி எனக்குச் சொந்தம், உனக்கு வேண்டுமானால் நீ ஒரு தப்பு செய்து எழுதிக்கொள் என்று சொல்லிப் பேனாவைத் திருப்பி வாங்கி எழுதினேன். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

அடுத்த வருடத்திலிருந்து மாட்டுப் பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு பிடி பச்சரிசி கொண்டுவருகிறார்கள். களத்தில் ஒரே பானை. மாட்டுக்கெல்லாம் வயிறு நிறையக் கரும்புத் தோகை. பொங்கலை ஆளாளுக்கு ஊட்டுவதில்லை, ஒரே ஆள் எல்லா மாட்டுக்கும் ஒவ்வொரு கவளம் கொடுப்பதோடு சரி. மீதியை நாங்கள் சாப்பிடுகிறோம். கறுப்பிக்கு இதில் திருப்தி இல்லை, பானைப் பக்கமே நிற்கும்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதிவேட்டில் கடைசிப் பக்கம் வரை பார்த்திருக்க மாட்டீர்கள். போன வாரம் ஒருநாள் காலையில் நான் போனபோது தலைவர் எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பதிவேடு அவர் மடியில் திறந்திருந்தது. புதிதாக ஒரு வரி, பெரிய பெரிய எழுத்தில்: "புதுக் கன்று. பூவன் பழம். கொடுத்தது: சாமிநாதன்."

"நேத்து சாயங்காலம்மா. ஆசையா தின்னுச்சு, நிறுத்த மனசு வரல. இப்ப கழியுது." எழுந்து நின்றார். "திட்டுறதுன்னா திட்டிடுங்க."

"எத்தனை பழம்?"

"பதினெட்டு."

"தோலோடயா?"

"தோலோடதாம்மா."

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கன்றின் இடப்பக்கம் போனேன். அவரும் கூடவே வந்து, நான் எண்ணி முடிக்கும் வரை மூச்சுக்கூட விடாமல் நின்றார்.